விலை குறைஞ்ச பிளாஸ்டிக் ஹோல்ஸ்டர்: எதைப் பார்த்து வாங்கணும்?

டெக்சஸில் 2021-லிருந்து, 21 வயசான பெரும்பாலானவங்க லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போகலாம். அதை வைக்கிற உறைதான் ஹோல்ஸ்டர். விலை குறைஞ்ச பிளாஸ்டிக்கே போதும்ங்கிறது என் கருத்து. ஆனா டிரிகர் முழுசா மூடியிருக்கணும். கிளாக் மாதிரி துப்பாக்கியில் கட்டைவிரலால் போடுற லாக் வழக்கமா இருக்காது. டிரிகர் அழுந்தினா சுடும். அழுத்தினது விரலா, உள்ளே சிக்கின சட்டை நுனியா, அதுக்குத் தெரியாது.

"எல்லா மாடலுக்கும் பொருந்தும்"னு விக்கிற துணி உறையை நான் தொடவே மாட்டேன். துப்பாக்கியை உருவினதும் வாய் மடங்கிடும். திரும்பச் செருக இன்னொரு கையால விரிக்கணும். அந்தக் கை குழலுக்கு நேரா வரும்! கைடெக்ஸ் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, துப்பாக்கி வடிவத்திலேயே அச்செடுப்பாங்க. வாய் திறந்தே நிற்கும். உங்க மாடலுக்கே செஞ்சதான்னு பாருங்க.

வாங்கினதும், குண்டுகளை எடுத்துட்டு, சேம்பரும் காலின்னு உறுதி பண்ணிட்டு, உறையில் வச்சுத் தலைகீழா ஆட்டுங்க. விழுந்தா திருப்பிக் கொடுத்துடுங்க.