தொட்ட பிறகுதான் ஆட்டம்

1973-இல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீயும் பாப் வாலும் மணிக்கட்டோடு மணிக்கட்டு உரச நின்று மோதுவார்கள். எதிராளியின் கையை லீ ஒதுக்கித் தள்ளும் அதே நொடியில் அவரது இன்னொரு கை முகத்தில் விழும். எதிராளியின் கையையோ காலையோ சற்று நேரம் செயலிழக்கச் செய்துவிட்டு அடிக்கும் இந்த உத்திக்கு 'டிராப்பிங்' என்று பெயர்.

லீ பதின்வயதில் ஹாங்காங்கில் இப் மேனிடம் விங் சுன் பயின்றவர். டிராப்பிங்கை மிக நுணுக்கமாக வளர்த்த தென்சீன மரபு அது. உள்ளங்கையால் தட்டி ஒதுக்குவது 'பாக் சாவ்'. மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது 'லாப் சாவ்'. மூன்று கையும் ஒரு காலும் கொண்ட மரப்பொம்மையில் இவற்றைப் பழகுவார்கள். அதைவிட முக்கியமானது 'சி சாவ்'. இருவர் முன்னங்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே, அழுத்தம் எங்கே தளர்கிறது என்று தேடுவார்கள். சிலர் கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்வதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது: கண்ணால் பார்த்துச் செயல்படுவதைவிடத் தோலால் உணர்ந்து செயல்படும்போது உடல் சற்று வேகமாக இயங்குகிறது.

ஆனால் ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில் இறங்கியதும் பலர் திணறுகிறார்கள். பாக்சர் முன்கையால் விடும் 'ஜாப்' குத்து போன வேகத்திலேயே திரும்பிவிடும். பறந்து வரும் முஷ்டியைப் பிடிக்க முயல்பவர் அடிதான் வாங்குவார். பெரிய கையுறை போட்டால் விரல்களால் பற்றவும் முடியாது. எதிராளி தடுப்பதற்காக நீட்டிய கை அப்படியே நிற்கும்போதோ, அவர் முதுகு சண்டைக் கூண்டின் கம்பி வலையில் முட்டும்போதோ, இருவரும் கழுத்தைப் பிடித்து நெருங்கும்போதோதான் டிராப்பிங்குக்கு வாய்ப்பு. முதலில் அடி, அதை அவர் தடுத்தால் டிராப்பிங் என்பதே சரியான வரிசை.

மல்யுத்தத்திலிருந்து யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டிகளுக்கு வந்த ராண்டி கூட்யூர் இதை வேறு வழியில் காட்டினார். ஒரு கையால் கழுத்தை அமுக்கிப் பிடித்து, மறு கையால் நெருக்கத்தில் குத்துவது அவர் பாணி. முவே தாயில் உதைக்க வந்த காலையே பிடித்து எதிராளியைக் கவிழ்ப்பார்கள். குத்துச்சண்டையிலும் டேக்வாண்டோவிலும் பிடிப்பது தவறு. விதிமுறை தெரியாமல் இறங்கினால் புள்ளி போகும்.

பழகத் தொடங்குபவர்கள் ஒத்துழைக்கும் துணையோடு சில வாரம் பழகிவிட்டு, கையை உடனே இழுத்துக்கொள்ளும் துணையைத் தேடுங்கள். பிடித்த கையை நீட்டி முழங்கையின் மேல் அழுத்த வேண்டாம், மூட்டு எளிதில் பிசகும். துணை தட்டினால் அந்தக் கணமே விட்டுவிடுங்கள்.