ஊசியும் பேனையும் உயர்த்திய ஊர்

இந்தோனேசியா என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பத்திக் துணிதான். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களுக்கு இன்னொரு காட்சியும் நினைவுக்கு வரும். வெள்ளை உடையணிந்து, ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல், அமைதியாகத் தவாப் செய்யும் அந்நாட்டுப் பெண்களின் கூட்டம் அது. அந்தப் பெண்கள் எப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வருகிறார்கள்? அவர்களின் வீடும் வாழ்வும் கல்வியும் எப்படி அமைந்துள்ளன? இவற்றை அறிய, ஆயிரக்கணக்கான தீவுகளைக் கொண்ட அந்நாட்டின் ஒரு சிறிய கிராமத்தை மட்டும் இங்கு பார்ப்போம்.

அதன் பெயர் கோத்தோ கடாங். மேற்கு சுமாத்திராவில், அகாம் மாவட்டத்தில் உள்ளது. 'கோத்தோ' என்பது நம் 'கோட்டை' என்ற சொல்லோடு உறவுடையது. 'கடாங்' என்றால் பெரியது. பெயர்தான் பெரிய கோட்டை, ஊரோ சிறியது. ஆனால் அந்தச் சிற்றூர் தன் நாட்டுக்குத் தந்த மனிதர்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும்.

பள்ளத்தாக்கின் அக்கரையில்

மேற்கு சுமாத்திராவின் தலைநகரான பாடாங் கடலோரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் மலைப்பாதையில் ஏறினால் புக்கித்திங்கி என்ற குளிர்ந்த நகரம் வரும். 'உயர்ந்த குன்று' என்பது அப்பெயரின் பொருள். இந்தோனேசியாவின் முதல் உப ஜனாதிபதியான முஹம்மத் ஹத்தா 1902இல் பிறந்த ஊர் இதுவே. நகரத்தின் ஓரத்தில் நிலம் திடீரெனப் பிளந்தாற்போல் சியானோக் பள்ளத்தாக்கு கிடக்கிறது. சுமார் 100 மீற்றர் ஆழம், செங்குத்தான சுவர்கள், அடியில் ஒரு சிற்றாறு. அந்தப் பள்ளத்தாக்கின் மறுகரையில்தான் கோத்தோ கடாங் அமைந்துள்ளது.

ஊருக்குப் பின்னால் 2,877 மீற்றர் உயரமான சிங்கலாங் மலை நிற்கிறது. அதற்குக் கிழக்கே, இன்றும் புகையும் மராப்பி எரிமலை. 2023 டிசம்பரில் அது வெடித்தபோது மலையேறச் சென்றிருந்த 24 பேர் உயிரிழந்தனர். எரிமலையின் சாம்பல் விழுந்த மண் வளமானது. எனவே மலையடிவாரம் எங்கும் படிப்படியான வயல்களில் நெல் விளைகிறது. ஆபத்தும் பரக்கத்தும் ஒரே மலையிலிருந்து இறங்கி வருகின்றன என்று சொல்லலாம்.

வீடு பெண்ணுடையது

இப்பகுதியில் வாழ்வோர் மினாங்கபாவ் இன மக்கள். ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள், பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைத் தழுவியவர்கள். தாய்வழி முறையைப் பின்பற்றும் சமூகங்களுள் உலகிலேயே மிகப் பெரியது இதுவே என்பர். பிள்ளை தாயின் குடியைச் சேரும். பரம்பரை வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். திருமணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். குடும்பத்தின் காரியங்களைப் பொறுப்பேற்று நடத்துபவர் தாய் மாமா.

நம் கிழக்கு மாகாணத்துச் சகோதரிகளுக்கு இதில் சில விடயங்கள் பழக்கமானவையாகவே தோன்றும். தாய் வழியாக வரும் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கே அழைத்துக் கொள்ளும் வழக்கமும் அங்கும் நெடுங்காலமாக உள்ளவை அல்லவா?

மினாங்கபாவ் மக்களின் பாரம்பரிய வீட்டுக்கு 'ரூமா கடாங்', அதாவது பெரிய வீடு என்று பெயர். கூரையின் இரு முனைகளும் எருமைக் கொம்பு போல் வானை நோக்கி வளைந்திருக்கும். வரிசையாக அமைந்த அறைகள் மணமுடித்த பெண்மக்களுக்குரியவை. ஆண்பிள்ளைக்கு அங்கே அறை கிடையாது. முன்பெல்லாம் ஏழெட்டு வயதானதும் அவன் இரவில் 'சுராவ்' என்ற சிறு தொழுகைக் கூடத்துக்குப் போய்விடுவான். அங்கேயே குர்ஆன் ஓதுவான், மார்க்கம் கற்பான், சிலம்பம் போன்ற 'சிலாத்' கலையைப் பழகுவான், அங்கேயே உறங்குவான். வளர்ந்த பின் ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிச் செல்வான். 'மெரந்தாவ்' எனப்படும் இந்த வழக்கத்தால் மினாங்கபாவ் ஆண்கள் தேசமெங்கும் பரந்திருக்கிறார்கள். இந்தோனேசியாவின் எந்த நகரத்திலும் 'பாடாங் சாப்பாட்டுக் கடை' இருப்பதற்குக் காரணம் இதுவே.

உலகப் புகழ் பெற்ற 'ரெண்டாங்' இறைச்சியும் இவர்களுடையதே. மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலிலும் அரைத்த மிளகாய், இஞ்சி முதலியவற்றிலும் இட்டு, பால் முழுவதும் வற்றி எண்ணெய் பிரிந்து கறுக்கும் வரை பல மணி நேரம் சிறுதீயில் கிளறுவார்கள். இப்படிச் சமைத்தது பல நாட்கள் கெடாது. தூர தேசம் போகும் மகனுக்கும் ஹஜ்ஜுக்குப் போகும் வாப்பாவுக்கும் கட்டிக் கொடுக்க ஏற்ற உணவு. கோத்தோ கடாங்குக்கென்று தனியான உணவும் உண்டு. பச்சை மிளகாய் அரைத்துச் சமைக்கும் தாராக் கறிக்கு அந்த ஊர் பெயர் போனது.

வழக்கமும் ஷரீஅத்தும்

இங்கே ஒரு கேள்வி எழும். அல்லாஹ் தன் வேதத்தில் வாரிசுப் பங்குகளை ஆணுக்கும் பெண்ணுக்கும் தெளிவாக வகுத்துத் தந்திருக்கிறான். அப்படியிருக்க, பரம்பரைச் சொத்து பெண்வழியில் மட்டும் செல்வது எப்படிச் சரியாகும்?

இக்கேள்வியை மினாங்கபாவ் உலமாக்களே உரத்துக் கேட்டார்கள். அவர்களுள் முதன்மையானவர் ஷெய்க் அஹ்மத் கதீப் அவர்கள். 1860இல் அகாம் பகுதியில் பிறந்தவர். மக்கா சென்று கற்று, மஸ்ஜிதுல் ஹராமில் ஷாபிஈ மத்ஹபின் இமாமாகவும் கதீபாகவும் உயர்ந்தார். 1916இல் மக்காவிலேயே வபாத்தானார். இந்தோனேசியாவின் இரு பெரும் இயக்கங்களில் ஒன்றான முஹம்மதிய்யாவை 1912இல் நிறுவிய அஹ்மத் தஹ்லானும், மற்றொன்றான நஹ்ளதுல் உலமாவை 1926இல் தோற்றுவித்தவர்களுள் முதன்மையான ஹாஷிம் அஷ்அரீயும் இவருடைய மாணவர்களே. இருவேறு பாதையில் சென்ற இருவருக்கும் உஸ்தாத் ஒருவர்! அந்தப் பெரியார் தம் ஊரின் சொத்து வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்து நூல் எழுதினார். வாரிசுக்குரிய பங்கை மறுத்து அனுபவிப்பது அபகரிப்பு என்பதே அவர் தீர்ப்பு.

அவரிடம் கற்றுத் திரும்பியவர்கள் எல்லோரும் அதே முடிவுக்கு வரவில்லை. தப்ஸீர் ஆசிரியர் ஹம்காவின் தந்தையான ஹாஜி ரசூல் அவர்கள் பிரச்சினையை வேறு விதமாக நோக்கினார். பல தலைமுறைகளாகக் குடிக்குப் பொதுவாக இருந்துவரும் வயலும் வீடும் தனி மனிதரின் உடைமையல்ல. விற்கப்படாமல் பயன் மட்டும் அனுபவிக்கப்படும் அது வக்பைப் போன்றது என்பது அவர் கருத்து. ஒருவர் தம் உழைப்பால் தேடிய சொத்தோ பராயிள் சட்டப்படியே பங்கிடப்பட வேண்டும்.

இந்த வாதம் பல்லாண்டுகள் நீடித்தது. முடிவில் 1952இல் புக்கித்திங்கியில் உலமாக்களும் குடித் தலைவர்களும் கற்றோரும் ஒன்றுகூடினர். பரம்பரைச் சொத்து வழக்கப்படியும், உழைத்துத் தேடிய சொத்து ஷரீஅத்தின்படியும் செல்லும் என்று அவர்கள் இணக்கம் கண்டனர். வழக்கம் ஷரீஅத்தின் மீது நிற்க வேண்டும், ஷரீஅத் அல்லாஹ்வின் வேதத்தின் மீது நிற்கிறது என்பது அவர்களின் முதுமொழி ஒன்றின் கருத்தாகும். அதை வாயால் சொன்னதோடு நில்லாமல், உட்கார்ந்து பேசி வழி தேடினார்கள் என்பதே குறிப்பிடத்தக்கது.

பாடசாலை காணாத ஆசிரியை

இனி, நம் சகோதரிகள் அவசியம் அறிய வேண்டிய ஒரு பெண்மணியைப் பற்றிப் பார்ப்போம்.

ரூஹானா குத்தூஸ் 1884இல் கோத்தோ கடாங்கில் பிறந்தார். அவர் ஒருநாளும் பாடசாலைக்குப் போனதில்லை. அக்காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு அதற்கு வழியில்லை. அரசாங்க உத்தியோகத்தரான தந்தை, மகளுக்கு வீட்டிலேயே எழுத்துக் கற்பித்தார். புத்தகங்களும் பத்திரிகைகளும் கொண்டுவந்து கொடுத்தார். அறபு எழுத்து, லத்தீன் எழுத்து, அறபு எழுத்தில் எழுதப்படும் மலாய் ஆகிய மூன்றும் சிறுமிக்கு வசமாயின. நம் மூதாதையர் அறபு எழுத்தில் தமிழை எழுதியது போன்றதே அந்த மலாய் எழுத்து முறையும். தந்தைக்கு இடமாற்றம் கிடைத்துச் சென்ற ஊரில், அயலில் இருந்த டச்சு உத்தியோகத்தரின் மனைவியிடம் தையலும் பின்னலும் பூவேலையும் பழகிக்கொண்டார். தாம் கற்றதைச் சிறு வயதிலேயே தன்னோடு விளையாட வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அப்துல் குத்தூஸ் என்பவரை மணந்த பின்பும் அவர் பணி நிற்கவில்லை. மனைவியின் முயற்சிக்குக் கணவர் துணை நின்றார். 1911 பெப்ரவரியில், ஊர்ப் பெண்களைச் சேர்த்து 'கெராஜினான் அமாய் ஸெத்தியா' என்ற நிலையத்தை ரூஹானா தொடங்கினார். 'அமாய்' என்றால் உம்மா. கைவேலை, எழுத்து, வாசிப்பு, கணக்கு, மார்க்கம், ஒழுக்கம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. பெண்கள் செய்த பூவேலைத் துணிகள் ஹொலந்து வரை சென்று விலைபோயின. தையல் மட்டும் தெரிந்தவள் தன் உழைப்பின் பெறுமதியை வியாபாரியின் வாயால்தான் அறிவாள். கணக்கும் தெரிந்தவளை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. ரூஹானா ஊசியையும் பேனையையும் ஒன்றாகவே கையில் கொடுத்ததன் இரகசியம் இதுதான்.

1912 ஜூலையில் பாடாங் நகரிலிருந்து 'சுந்திங் மெலாயு' என்ற பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. 'சுந்திங்' என்பது அங்கே மணப்பெண் தலையில் சூடும் அணி. பெண்களுக்காகப் பெண்களே எழுதிய அப்பத்திரிகையின் ஆசிரியை ரூஹானாதான். 1921 வரை அது வெளிவந்தது.

நற்பணிக்கு எதிர்ப்பு எங்கும் உண்டு. நிலையத்தின் பணத்தில் முறைகேடு செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு ரூஹானா நீதிமன்றப் படியும் ஏற வேண்டியதாயிற்று. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அவர் மனம் தளரவுமில்லை. 1916இல் புக்கித்திங்கியில் ஒரு பாடசாலையை நிறுவினார். 1972இல் வபாத்தான அவரை 2019இல் இந்தோனேசிய அரசு தேசிய வீரராகப் பிரகடனம் செய்தது. கோத்தோ கடாங்கில் அவர் தொடங்கிய நிலையம் இன்றும் இருக்கிறது. குண்டூசித் தலை போன்ற சிறு முடிச்சுகளால் பூ வரையும் 'கப்பாலோ சாமெக்' தையலும், நிறத்தோடு நிறம் கரைவது போன்ற 'சூஜி சாயா' தையலும், மெல்லிய வெள்ளிக் கம்பி வேலையும் ஊரின் அடையாளமாக நிலைத்துவிட்டன.

ரூஹானாவின் உறவினரான ஹாஜி ஆகுஸ் ஸாலிமும் அதே 1884இல் அதே ஊரில் பிறந்தவரே. ஜித்தாவில் பணிபுரிந்த காலத்தில் ஷெய்க் அஹ்மத் கதீபிடம் மார்க்கம் கற்றவர். சுதந்திர இந்தோனேசியாவின் வெளிநாட்டமைச்சராக விளங்கி 1954இல் மறைந்தார். தம் பிள்ளைகளை டச்சுப் பாடசாலைக்கு அனுப்பாமல், அவரும் மனைவியும் வீட்டிலேயே படிப்பித்து ஆளாக்கினர் என்பது பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி.

அயல் ஊரில் மூண்ட விளக்கு

புக்கித்திங்கிக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீற்றரில் பாடாங் பஞ்சாங் இருக்கிறது. 1923இல் அங்கே ரஹ்மா அல் யூனூஸிய்யா என்ற இளம் பெண், பெண்களுக்கென்றே 'தீனிய்யா புத்ரி' என்ற மார்க்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1926ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் கட்டடம் தகர்ந்தது, மீண்டும் எழுப்பினார். 1955இல் அல் அஸ்ஹரின் ஷெய்க் அப்துர் ரஹ்மான் தாஜ் அங்கு வந்து பார்த்து வியந்தார். பின்னர் அல் அஸ்ஹர் ரஹ்மாவை எகிப்துக்கு அழைத்து 'ஷெய்கா' என்ற பட்டம் அளித்தது. 1960களில் அல் அஸ்ஹரில் பெண்களுக்கான பிரிவு ஏற்பட இக்கல்லூரி ஒரு தூண்டுதலாக அமைந்தது என்பர். ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியமுள்ள அல் அஸ்ஹர், சுமாத்திராவின் மலையூர்ப் பெண்ணொருவரிடமிருந்து ஒரு பாடம் பெற்றது! 1969இல் வபாத்தான ரஹ்மாவும் 2025 நவம்பரில் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார்.

அதே மாத இறுதியில் சுமாத்திராவைப் பெருவெள்ளமும் மண்சரிவும் தாக்கின. அகாம் மாவட்டத்தில் பல குடும்பங்கள் உறவுகளையும் வீடுகளையும் இழந்தன. அதே வாரத்தில்தான் டித்வா புயல் நம் நாட்டின் மலைகளைச் சரித்து நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. ஒரே கடலின் இரு கரைகளில் ஒரே நேரத்தில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. இரு நாட்டு மக்களுக்கும் துஆச் செய்வோமாக.

நமக்குள்ள படிப்பினை

சகோதரிகளே! கோத்தோ கடாங்கில் வீடு பெண்ணின் கையில் இருந்தது உண்மை. ஆனால் அந்த ஊரை உயர்த்தியது வீட்டுரிமை மட்டுமல்ல. வீடு சொந்தமாக இருந்த அதே காலத்தில்தான் அங்கும் பெண்பிள்ளைகள் எழுத்தறியாமல் இருந்தார்கள். அந்த வீட்டின் திண்ணையில் ஒரு பெண் எழுத்துப் பலகையோடு உட்கார்ந்த பின்னர்தான் நிலைமை மாறியது.

நம் ஊர்களிலும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வாப்பாமார் வியர்வை சிந்துகிறார்கள். சகோதரர்கள் கடல் கடந்து உழைக்கிறார்கள். அந்த வீட்டின் உறுதியை வாசித்து விளங்கவும், தன் பங்கு எது, தன் சகோதரனின் பங்கு எது என்று மார்க்கப்படி அறியவும் அந்த மகளுக்குத் தெரியுமா? ஒரு பிள்ளைக்கு வீடு கொடுக்கும்போது மற்றப் பிள்ளைகளின் உரிமை என்னாகிறது என்று பெற்றோர் ஓர் ஆலிமிடம் கேட்டறிந்ததுண்டா? வழக்கம் என்ற பெயரில் நடப்பதையெல்லாம் கண்ணை மூடி ஏற்கவும் வேண்டாம். கேட்டறியாமல் தூக்கி எறியவும் வேண்டாம். புக்கித்திங்கியில் கூடியவர்களைப் போல, உலமாக்களும் ஊர்ப் பெரியோரும் உட்கார்ந்து பேச வேண்டிய விடயம் இது.

கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் போதனை. அதை நிறைவேற்ற பெரிய கட்டடம் தேவையில்லை. எழுதத் தெரிந்த ஓர் உம்மா, அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், அயல் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் போதும். ரூஹானா அப்படித்தான் தொடங்கினார். நம் வீடுகளையும் அறிவின் ஒளி நிறைந்த வீடுகளாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.