மூளையில் தைத்த முள்

ஒரு வாய்க் காப்பி குடிப்பதை நாம் யாரும் பெரிய சாதனையாகக் கருதுவதில்லை. ஆனால் அமெரிக்காவில் கேத்தி ஹட்சின்சன் என்ற மாது 2011-ஆம் வருஷத்தில் குடித்த காப்பி விஞ்ஞான சரித்திரத்திலேயே இடம் பெற்றுவிட்டது. அந்த அம்மாள் சுமார் பதினைந்து வருஷங்களாகப் பக்கவாதத்தினால் கை கால் அசையாமல், பேச்சும் இழந்திருந்தவர். அவர் மனத்தில் நினைத்தார். அருகிலிருந்த இயந்திரக் கை நீண்டது. காப்பிப் புட்டியைப் பற்றி அவர் வாயருகே கொண்டுவந்தது. குழலால் உறிஞ்சிக் குடித்துவிட்டு அவர் புன்னகை செய்தார்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அவருடைய மூளையில், கையின் அசைவை ஆளும் பாகத்தில், நான்கு மில்லிமீட்டர் சதுரமுள்ள ஒரு சிறு தகட்டைப் பதித்திருந்தார்கள். அதில் ஏறக்குறைய 100 ஊசிகள். எதுவும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்துக்கு மேற்படாது. யூட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்டு நார்மன் வகுத்த கருவி அது. நரம்பணுக்களின் மின்சாரத் துடிப்புகளை ஊசிகள் ஒற்றுக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லின. அது இயந்திரக் கையை ஏவிற்று.

இத்தகைய அற்புதக் கருவிக்கு ஒரு சத்துரு உண்டு. அந்தச் சத்துரு மூளைக்குள்ளேயே இருக்கிறது.

காலில் முள் தைத்து, முனை முறிந்து உள்ளே தங்கிவிட்டால் என்ன நேர்கிறது? அந்த இடம் சிவந்து வீங்குகிறது. நாள்பட்டால் சுற்றிலும் தடித்துக் கெட்டிப்படுகிறது. அந்நிய வஸ்துவைச் சிறை வைப்பதற்குச் சரீரம் எழுப்பும் மதில் அது. மூளையும் அவ்விதமே செய்கிறது. ஊசி இறங்கும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் அறுகின்றன. மைக்ரோக்ளியா என்னும் காவல் அணுக்கள் வந்து சூழ்ந்துகொள்ள, அழற்சி உண்டாகிறது. சில வாரங்களில் ஆஸ்ட்ரோசைட் என்னும் வேறு அணுக்கள் வடுவாகிய சுவரை எழுப்பிவிடுகின்றன. போதாக்குறைக்கு, சிலிகன் ஊசியானது மிருதுவான மூளையைக் காட்டிலும் பல கோடி மடங்கு விறைப்பானது. நாம் மூச்சு விடும்போதெல்லாம் மூளை சற்றே அசைகிறது. வளையாத ஊசி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தனியொரு நரம்பணுவின் துடிப்பைக் கேட்பதற்கு ஊசி அதனிடமிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள்தான் வடு கட்டுகிறது, நரம்பணுக்களும் மடிகின்றன. ஹட்சின்சன் அம்மாளுக்கு அந்தக் கருவி ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. பல கருவிகள் மாதங்களும் வருஷங்களும் செல்லச் செல்லச் செவிடாகிவிடுகின்றன. இழந்த கையைத் திரும்பப் பெற்றவர் அதை இரண்டாம் முறையும் இழப்பதென்றால் எவ்வளவு கொடுமை!

அழற்சியைத் தணிக்க நல்ல மருந்து இல்லாமலில்லை. 2020-இல் கோவிட் நோயாளிகள் பலரைக் காப்பாற்றிய டெக்ஸாமெதஸோன் என்னும் ஸ்டீராய்டு இருக்கிறது. ஆனால் அதை வருஷக்கணக்காக உட்கொண்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு நலியும், தொற்று நோயை எதிர்க்கும் சக்தி குன்றும். அப்படியானால் மருந்தை ஊசியின் மேலேயே பூசிவிட்டால் என்ன? இருதயத்துக்குப் பொருத்தும் பேஸ்மேக்கர் கம்பிகளின் நுனியில் 1980-களிலேயே இம்மருந்தை வைத்து வெற்றி கண்டிருந்தார்கள்.

மூளை ஊசியில் இதைச் செய்து பார்த்தவர்களில் ரவி பெல்லம்கொண்டா ஒருவர். ஹைதராபாத் உஸ்மானியா சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவர் என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம். அவரும் அவருடைய சகாவும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பூச்சில் டெக்ஸாமெதஸோனைக் கலந்து ஊசிகளில் பூசி, எலிகளின் மூளையில் செலுத்தினார்கள். வெடிமருந்து செய்ய உதவும் வஸ்து இங்கே காயத்தை ஆற்ற உதவியது! பூச்சில்லாத ஊசிகளைவிட அழற்சியும் குறைவு, நரம்பணுக்களின் அழிவும் குறைவு என்று 2007-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

அதற்கு முந்திய வருஷம் மிச்சிகன் சர்வகலாசாலையில் அபிதியன், மார்ட்டின் முதலியோர் இன்னொரு யுக்தியைக் காட்டினார்கள். மின்சாரம் பாயக்கூடிய பாலிமரால் நுண்குழாய்கள் செய்து, அவற்றுள் மருந்தை அடைத்தார்கள். மின்சாரம் செலுத்தினால் பாலிமர் சுருங்கி மருந்தை வெளியே தள்ளும். வேண்டும்போது கொடுக்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம்.

காரியம் முடிந்துவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது. மெல்லிய பூச்சில் அடங்கும் மருந்து சொற்பம். அது தீர்ந்தபின் வடு தலைகாட்டலாம். பூச்சைத் தடிப்பாக்கினாலோ காயமே பெரிதாகும். காவல் அணுக்களை ஒரேயடியாக அடக்கிவிடுவதும் சரியன்று. காயத்தைத் துப்புரவு செய்கிறவையும் அவைதாமே! ஆகவே, மருந்துப் பூச்சோடு ஊசியையே மெலிதாக, மிருதுவாகச் செய்யவும் முயன்று வருகிறார்கள். இந்தப் பூச்சுச் சோதனைகள் பெரும்பாலும் பிராணிகளிடமே நடந்துள்ளன.

பக்கவாதத்தில் படுத்த பெரியவர்களை நம் வீடுகளிலும் பார்த்திருக்கிறோம். கண் மட்டும் பேச, கை கேளாமல் கிடக்கும் அவர்களுக்கு ஒரு நாள் காப்பி குடிக்க வழி செய்வது பெரிய காரியந்தான். மறுநாளும், மறு வருஷமும் அவர்கள் தாமே குடிக்கும்படி செய்யவே இந்த மருந்துப் பூச்சுக்காக இத்தனை பேர் பாடுபடுகிறார்கள்.