இரண்டு மொழி தெரிந்தவருக்கு ஒபிஸ் வேலை: எங்கிருந்து தொடங்குவது?



ஸ்ட்ரெதமில் எங்களிடம் வருகிறவர்களில் ஊரில் எழுதுவினைஞராகவோ தட்டெழுத்தாளராகவோ இருந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எனக்குத் தமிழும் தெரியும், இங்கிலிஷும் ஓரளவு தெரியும். இங்கே ஒபிசில் செயலாளர் வேலை எடுக்கலாமா?" எடுக்கலாம், ஆனால் உடனே இல்லை. அதுவரைக்கும் சும்மா இருக்கவும் தேவையில்லை.

இந்த வேலையில் என்ன இருக்கிறது?

கடிதம் ரைப் பண்ணுவது, தொலைபேசி எடுப்பது, பைல்களை ஒழுங்காக வைப்பது எல்லாச் செயலாளரும் செய்வதுதான். தமிழில் சொல்வதை இங்கிலிஷில் பிழையில்லாமல் பதிவது உங்களுடைய மேலதிகத் திறமை. சொலிசிட்டர் ஒபிசிலும் டொக்டரின் வரவேற்பு மேசையிலும் அதற்குத் தேவை இருக்கிறது.

ஒரு உதாரணம் பாருங்கள். ஒருவர் "என்ரை அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்கிறார். அவர் சொல்வது பெரியப்பாவின் மகனை. நீங்கள் "பிரதர்" என்று எழுதிவிட்டீர்கள். பிறகு ஹோம் ஒபிஸ் இன்டர்வியூவில் அவர் "எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை" என்று உண்மையைத்தான் சொல்வார். ஆனால் இரண்டு பதிவும் முரண்படும், அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க இடம் வந்துவிடும். "கூடப்பிறந்த அண்ணாவா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

பெயரும் அப்படித்தான். எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். இங்கே கடைசியில் வருவதைக் குடும்பப் பெயராக எடுப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து எழுதப் பழகுங்கள்.

முடிவு வரும்வரை

புகலிடம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் சம்பள வேலை செய்ய முடியாது. உங்கள் பிழையில்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு தாமதமானால் வேலை அனுமதி கேட்கலாம். அதுவும் ஹோம் ஒபிஸ் வரையறுத்த சில வேலைகளுக்குத்தான். செயலாளர் வேலை அதற்குள் வராது. அனுமதியில்லாமல் வேலை செய்வது 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உழைத்த காசையும் பறிமுதல் செய்யலாம்.

தொண்டு நிறுவனங்களில் தொண்டராக உதவி செய்யலாம். உண்மையில் செலவான பஸ் காசு, சாப்பாட்டுக் காசு மட்டும் வாங்கலாம். ஆனால் கடைக்காரரோ கொம்பனிக்காரரோ "சம்பளம் இல்லாமல் வந்து வேலை பழகு" என்றால் அது தொண்டு அல்ல. போகவேண்டாம்.

படிக்கலாமா என்பது உங்கள் பெயில் 201 கடிதத்தில் எழுதியிருக்கும். தடை இல்லையென்றால் கொலிஜில் இசோல் இங்கிலிஷ் வகுப்பையும் கணனி வகுப்பையும் விசாரியுங்கள்.

ரைப் பழக ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் உள்ள லைபிரரிக்குப் போங்கள். அங்கத்தவராவதற்குக் காசில்லை. கணனியும் இருக்கிறது. தமிழ் ரைப்பிங் தெரிந்தவர்கள் பலர் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் தமிழ் அல்ல, வெறும் இங்கிலிஷ் எழுத்துக் குவியல்தான் தெரியும். ஆகவே யுனிகோட்டில் அடிக்கப் பழகுங்கள்.

விசா கிடைத்த பிறகு

அகதி அந்தஸ்து கிடைத்தால் எந்த வேலையும் செய்யலாம். முந்திய பிளாஸ்டிக் அட்டைக்குப் பதிலாக இப்போது ஈ-விசா. அதிலிருந்து 'ஷெயார் கோட்' எடுத்து வேலை தருபவருக்குக் கொடுக்க வேண்டும். ஊர்ச் சான்றிதழ்கள் இங்கே எந்தத் தரத்துக்குச் சமம் என்பதை 'யூகே எனிக்' நிறுவனம் காசுக்கு மதிப்பிட்டுத் தரும். தொண்டராக இருந்த இடத்தில் ஒரு நற்சான்று கேட்டு வாங்குங்கள். இந்த நாட்டில் முதலாவது வேலைக்கு அதுதான் கைகொடுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, இரகசியம். ரூட்டிங்கிலும் ஸ்ட்ரெதமிலும் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். ஒபிசில் கேட்டதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. ஒரு வாய்ப்பேச்சு ஊரில் இருக்கும் ஒரு குடும்பத்தை ஆபத்தில் விடலாம்.

இரண்டாவது, ஆலோசனை. "அக்கா, இந்தப் போமில என்ன எழுதுறது?" என்று கேட்பார்கள். அவர் சொன்னதை மொழிபெயர்த்துக் கொடுங்கள். ஆனால் கேஸுக்கு எது நல்லது என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். தகுதியும் பதிவும் இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். "இதை சொலிசிட்டரிடம் கேட்போம்" என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

நான் ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். சொல்வதெழுதலில் பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே. இந்த வேலைக்கும் அதுதான் முதல் பாடம்.

உங்கள் பெயில் கடிதத்தையும், சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். உங்களுக்கு எந்தப் படி முதலில் என்று சேர்ந்து பார்ப்போம்.