அடிபட்ட மோட்டார் சைக்கிளைத் திருத்துதல்

மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செய்வோர் பலர் விரும்பி நாடும் இடங்களுள் யாழ்ப்பாணக் குடாநாடும் ஒன்று. கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகின்றது. 2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபின் இவ்வீதி மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டமையால், பூநகரி வழியாகவும் குடாநாட்டினுள் நுழைய முடிகின்றது. நேரான வீதி வேகத்துக்கு இடந்தரும். அந்தி மங்கும் வேளையில் ஒரு மாடு குறுக்கிட்டால் போதும். மணல் படிந்த வளைவில் ஒருகணம் சில்லு சறுக்கினாற் போதும். யானைக்கும் அடிசறுக்கும் என்பது ஆனையிறவைக் கடந்து வருவோர் மறக்கலாகாத பழமொழியாகும்.

விழுந்தவருக்கு வைத்தியம் முதலாவது; வண்டிக்குத் திருத்தம் இரண்டாவது. அவ்விரண்டாவது காரியத்தில் குடாநாட்டவர் பெயர்பெற்றவர்கள். 1990ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகியபோது, சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடச்செய்தவர்கள் அவர்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. சூடு கண்டபின்னரே எரிதற்கேற்ற ஆவியாகும். இந்நுட்பம் வீதியோரத் திருத்தகங்களில் அன்றாட அறிவாக இருந்தது. மின்சாரம் இல்லாத அந்நாள்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் அவர்களே. பின்னர் 2020ஆம் ஆண்டில் நாடெங்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, பழைய வண்டியைப் பேணுதல் முன்னரிலும் அவசியமாயிற்று.

எனினும், இத்திறமைக்கு ஓர் எல்லை உண்டு. வண்டியை ஓடச்செய்தல் வேறு. நேராக ஓடவும், வேண்டியவிடத்து நிற்கவும் செய்தல் வேறு. ஆதலால், எந்தப் பாகத்தைத் திருத்தும்போதும் ஒரு கேள்வியை எழுப்புதல் வேண்டும். நடுவழியில் இப்பாகம் பழுதுபட்டால் வண்டி நின்றுவிடுமா, அல்லது ஓட்டுநர் வீழ்ந்துவிடுவாரா? நின்றுவிடும் என்றால், கைவந்த உபாயங்களைக் கையாளலாம். வீழ்ந்துவிடுவார் என்றால், உபாயத்துக்கு அங்கு இடமில்லை.

விபத்து நிகழ்ந்த இடத்தில் முதற்கண் செய்யவேண்டியது, சாவியைத் திருப்பி மின்னோட்டத்தை நிறுத்துதல். பெற்றோல் அடைப்பான் இருப்பின் அதனையும் மூடுதல் வேண்டும். வண்டியை நிமிர்த்தியவுடன் எஞ்சினை இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளல் நன்று. பக்கவாட்டிற் கிடந்த எஞ்சினில் எண்ணெய், சிலிண்டரினுள்ளும் காற்றுவடியினுள்ளும் புகுந்திருக்கக்கூடும். எண்ணெயின் அளவைப் பார்த்து, பிளக்கைக் கழற்றி, எஞ்சினை மெல்லச் சுழற்றி, உட்புகுந்த எண்ணெயை வெளியேற்றிய பின்னரே இயக்குதல் முறையாகும்.

அடுத்தது வண்டியின் நேர்மை. முன்புறம் மோதிய வண்டியில் பெரும்பாலும் அடிவாங்குவது முன் கவையாகும். இதனை மெக்கானிக்குகள் ‘போர்க்’ என்பர். கைபிடி ஒருபுறம் திரும்பி நின்றால் கவை வளைந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. சிலவேளைகளில் அதன் குழாய்கள் பிடிப்புக்களினுள் முறுகி நிற்கும். பிடிப்பாணிகளைத் தளர்த்தி, நேராக்கி, மீண்டும் இறுக்கினாற் போதும். அதற்கும் இணங்காவிடின் குழாய்களைக் கழற்றி, சமதளமான தடித்த கண்ணாடியின்மேல் உருட்டிப் பார்த்தல் வேண்டும். வளைந்த குழாய் உருளும்போது அதற்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் தோன்றி மறையும். அத்தகைய குழாயை அழுத்தி நிமிர்த்துவதிலும் மாற்றுவதே தக்கது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த உலோகம் முன்னைய வலிமையுடன் இருக்கும் என்று நம்புதற்கில்லை.

வண்டியின் சட்டகத்தைச் சோதிக்க, கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் நூலே போதும். பின் ரயரின் இருபக்கங்களையும் தொட்டவாறு முன்னோக்கி இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினால், நேராக நிறுத்திய முன் ரயர் அவற்றின் நடுவில் நிற்றல் வேண்டும். ஒருபுறம் இடைவெளி கூடியும் மறுபுறம் குறைந்தும் இருந்தால், எங்கோ ஒரு கோணல் உண்டு என்பது தெளிவு. கைபிடித் தண்டு பொருந்தும் கழுத்துப் பகுதியில் வர்ணம் வெடித்தோ சுருங்கியோ காணப்படின், உள்ளிருக்கும் இரும்பும் இழுபட்டிருக்கலாம்.

சில்லுகளில் இருவகை உண்டு. கம்பிச் சில்லு நெளிந்தால் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நெளிவெடுக்கலாம். சைக்கிள் மலிந்த குடாநாட்டில் இக்கலை அறிந்தோர்க்குக் குறைவில்லை. அலுமினியக் கலவையில் வார்த்த சில்லின் நிலை வேறு. அதில் வெடிப்பு உண்டானால், காய்ச்சியும் அடித்தும் ஒட்டியும் மீளப் பயன்படுத்துதல் பேராபத்தாகும். பிரேக் கைப்பிடியும் அவ்வாறே. அலுமினியமாதலின், வளைத்து நிமிர்த்தும்போது கண்ணுக்குப் புலனாகாத வெடிப்பு விழும். அவசரத்தில் அழுத்தும் அந்த ஒரு கணத்திலேயே அது முறியும். இரும்பாலான கியர் நெம்பை வேண்டுமாயின் நிமிர்த்திக்கொள்ளலாம்; அது முறிந்தால் பயணம் தடைப்படுமேயன்றிப் பெரும்பாலும் உயிருக்குக் கேடு வராது.

பெற்றோல் தாங்கி பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒழுகும் தாங்கியை வெறுமையாக்கிவிட்டு உடனே வெல்டிங் செய்வோர் உளர். பெற்றோல் வடிந்தபின் எஞ்சும் ஆவியே வெடிக்கக்கூடியது. நிறைந்த தாங்கியிலும் வெறுந்தாங்கி அஞ்சத்தக்கது. முறைப்படி கழுவி ஆவியை முற்றாக அகற்றாமல் அதனருகே நெருப்பைக் கொண்டுசெல்லலாகாது.

தலைக்கவசத்தைப் பலர் மறந்துவிடுவர். அதன் உள்ளிருக்கும் நுரைப்பகுதி, தான் நசுங்குவதன் மூலமே தலையைக் காக்கின்றது. நசுங்கிய நுரை மீண்டும் எழுவதில்லை. வெளியோட்டில் கீறலின்றித் தோன்றினாலும், விபத்தில் அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிதல் கூடாது.

குடாநாட்டுக்கு உரிய இன்னொரு பகைவன் உப்புக்காற்று. கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த இந்நிலத்தில், வர்ணம் உரிந்த இரும்பு விரைவில் துருவேறும். ஆதலின், உராய்ந்த இடங்களைக் காலந்தாழ்த்தாது துப்புரவாக்கி வர்ணம் பூசுதல் அவசியம். அது அழகுக்கு மட்டும் செய்யும் வேலையன்று.

எல்லாம் முடிந்தபின், நெரிசலற்ற வீதியில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, பிரேக்கைப் பலமுறை சோதித்து, சிறிது தூரம் சென்றபின் எல்லா ஆணிகளையும் மீண்டும் இறுக்கிப் பார்த்தல் வேண்டும். வண்டி ஒருபுறம் இழுத்தால் அன்று பயணம் வேண்டாம். ‘இதைத் திருத்தலாம்’ என்று சொல்லும் மெக்கானிக்கு திறமைசாலி. ‘இதைத் திருத்தலாகாது, மாற்றத்தான் வேண்டும்’ என்று உரிய இடத்திற் சொல்பவரோ உயிர்காப்பவர். அத்தகையவரின் சொல்லுக்குச் செவிசாய்த்துச் செலவிடும் பணம் ஒருபோதும் வீண்போவதில்லை.