இரண்டு எழுத்து இடம் மாறினால்

மென்பொருள் எழுதுவோர் நாள்தோறும் பயன்படுத்தும் கருவி ‘கிட்’. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியது. கோப்புகளில் செய்த மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும். இதைப் பெரும்பாலும் கட்டளை வரியில், அதாவது எழுத்துகளை மட்டுமே தட்டி வேலை வாங்கும் திரையில், இயக்குவார்கள். இப்போதைய நிலையைக் காட்டும் கட்டளை ‘ஸ்டேட்டஸ்’. அவசரத்தில் அதன் நடுவிலுள்ள டி, யு என்ற ஆங்கில எழுத்துகள் இடம் மாறிவிட்டால்? அப்படியொரு கட்டளை இல்லை என்று சொல்லும் கிட், இதற்கு மிக நெருக்கமானது ‘ஸ்டேட்டஸ்’ என்றும் எடுத்துக்கொடுக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் வரும் இந்தப் பதிலுக்குள் எத்தனை நுட்பம்!

தட்டிய வரி நேராகக் கிட்டிடம் போவதில்லை. ‘ஷெல்’ என்ற இடைநிலை நிரல் முதலில் அதை இடைவெளி கண்ட இடத்தில் துண்டாக்குகிறது. முதல் துண்டு நிரலின் பெயர், அடுத்தது கட்டளை. அந்தக் கட்டளை தன்னிடம் இல்லையென்று தெரிந்ததும், கிட் தன் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தவறான சொல்லிலிருந்து எது எவ்வளவு தொலைவு என்று அளக்கிறது.

சொற்களுக்கு நடுவே தொலைவா? ஆம். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டுமோ, அவற்றுள் மிகக் குறைந்த எண்ணிக்கையே ‘திருத்தத் தொலைவு’. 1965-இல் இதை வகுத்தவர் சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபிரெட்ரிக் டமெரோ என்ற ஆய்வாளர், தாம் ஆராய்ந்த எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் நான்கே வகை என்று காட்டியிருந்தார்: ஓர் எழுத்து கூடுவது, குறைவது, வேறாவது, பக்கத்து எழுத்துகள் இரண்டு இடம் மாறுவது.

கிட் இந்த நான்கையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. எழுத்து விடுபட்டிருந்தால் தொலைவு 1 புள்ளி, வேறாகியிருந்தால் 2, மிகையாக விழுந்திருந்தால் 3. இடம் மாறியிருந்தாலோ வெறும் 0! விரல்கள் ஒன்றையொன்று முந்துவதை அது தொலைவாகவே எண்ணுவதில்லை.

இத்தகைய பிழைச்செய்தி வெளிவரும் வழியும் தனி. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், ஒளியால் அச்சுக் கோக்கும் எந்திரத்துக்கு ஆவணங்களை அனுப்பினார்கள். நாற்றமடிக்கும் கருவியில் தாளைக் கழுவியெடுத்துப் பார்த்தால், ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்ற ஒற்றை வரி மட்டும் அழகாக அச்சாகியிருந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ‘பிழை வழி’. அன்று முதல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் நிரல்களின் விடை ஒரு வழியிலும் புகார் இன்னொரு வழியிலும் போகின்றன. விடையைக் கோப்புக்குத் திருப்பினாலும் புகார் திரைக்கே வந்து சேரும்.

மனிதருக்குச் சொற்கள், மற்ற நிரல்களுக்கு ஓர் எண். முடியும்போது ஒவ்வொரு நிரலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது. 0 என்றால் வெற்றி. சொல் தேடும் ‘கிரெப்’ நிரலோ, தேடியது கிடைக்காவிட்டால் 1 என்றும், கோப்பைப் படிக்கவே முடியாவிட்டால் 2 என்றும் பிரித்துச் சொல்கிறது. ‘இல்லை’ என்பதும் ‘பார்க்க முடியவில்லை’ என்பதும் ஒன்றல்லவே!

இவ்வளவு சரியாக ஊகித்த பிறகும், ஊகித்த கட்டளையைக் கிட் தானாக இயக்குவதில்லை. நாமே அமைப்பை மாற்றிக் கேட்டுக்கொண்டால்தான் இயக்கும். கட்டளைகளில் சில கோப்புகளையே அழிப்பவை. அங்கே ஊகம் பிசகினால் இழப்பு நமக்கு. அதனால்தான் வழியைக் காட்டிவிட்டு முடிவை நம்மிடமே விடுகிறது. நல்ல பிழைச்செய்திக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் கிடையாது.