சுண்டெலியின் ஓட்டமும் மனச்சிதைவு மருந்தும்

மனச்சிதைவு நோய்க்குப் புதிய மருந்தொன்று எலிகளிடம் பலன் தந்தது என்னும் செய்தியைக் கண்டதும், காடாம்புலியூர், பண்ருட்டிப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. எலிக்கு மனநோய் வருமா? அம்மருந்து எங்களுக்கு எப்போது கிடைக்கும்?

எலிக்கு மனச்சிதைவு நோய் வருவதாக நாங்கள் கூறுவதில்லை. காதில் குரல் கேட்கிறது என்று அது சொல்லவும் இயலாது. ஆகவே, ஆய்வாளர்கள் அதன் நடத்தையை அளக்கின்றனர். ஆம்பெட்டமின் என்னும் பொருள் மூளையில் டோபமைனை மிகச்செய்யும். அளவு மீறினால் மனிதருக்கு வீண் சந்தேகமும் பிரமையும் தோன்றலாம். சுண்டெலியோ ஓயாது ஓடும். கூண்டின் குறுக்கே பாயும் அகச்சிவப்புக் கதிர்களை அது எத்தனை முறை மறிக்கிறது என்பதைக் கருவி எண்ணும். கேமராவும் கணினியும் அதன் நடையையும் அசைவுகளையும் பதிவு செய்யும். முன்னர் ஆய்வாளர் கண்ணால் பார்த்துக் குறித்தவற்றை இன்று கருவி சலிப்பின்றிக் குறிக்கிறது.

மருந்து தந்தபின் அந்த மிகை ஓட்டம் தணிந்தால், மேலும் ஆராயத்தக்க மருந்து என்று கொள்வர். ஆனால், வெறும் தூக்கம் தரும் மருந்தும் எலியின் ஓட்டத்தைக் குறைக்கும். எனவே, ஓட்டத்தை மட்டுமன்றிப் பல அசைவுகளையும் சேர்த்தே கணினி ஒப்பிடுகிறது.

இவ்வாறு எலிகளின் நடத்தையைக் கணினியால் அளந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்று உலோட்டாரான்ட். வழக்கமான மருந்துகளைப்போல் டோபமைன் ஏற்பிகளை அடைக்காமல் வேறு வழியில் இயங்குவது அது. 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 245 நோயாளிகளிடம் நான்கு வாரங்களில் நற்பலன் தெரிந்தது. எனினும், 2023ஆம் ஆண்டு முடிவு வெளியான இரு பெரிய ஆய்வுகளில், மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களும் பெரிதும் தேறினர். மருந்தின் மேன்மை நிறுவப்படவில்லை. எலி வழியைத் திறக்கும்; முடிவு சொல்வது மனிதரிடம் செய்யும் ஆய்வே.

ஆகவே, புதிய மருந்துச் செய்தியை நம்பி, இப்போது உட்கொள்ளும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். கை நடுக்கம், உடல் இறுக்கம், ஓரிடத்தில் அமர முடியாத தவிப்பு ஆகியவை மருந்தினாலும் வரலாம். அவற்றைக் கண்டால் உடனே எங்களிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு.

நோயாளியின் உறக்கம், உணவு, பேச்சு, நடமாட்டம் ஆகியவற்றை ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வாருங்கள். எந்தக் கருவியும் தர இயலாத அக்குறிப்பே எங்களுக்குப் பெருந்துணை. அவசர ஆலோசனைக்கு 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.